பச்சை இலைப் படம் போட்டால் கிணறு தெளியுமா?

(வலிகாமத்தில் அண்மையில் நடைபெற்ற வாலிபர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கம்பனிகள் சுற்றாடலைப் பேணும் பொறுப்புப் பற்றியும், அப்பொறுப்பு இளைஞர்கள் பொருள் வாங்கும் முறையை எவ்வாறு மாற்றுகின்றது என்பது பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். நீதிமன்றத்தில் வழக்குப் பேசிப் பழகியவன் கடைத்தெருவைப் பற்றி என்ன பேசுவது என்று முதலில் தயங்கினேன். சில வாரங்களுக்கு முன் என் அலுவலகத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் அத்தயக்கத்தைப் போக்கிவிட்டது.

என்னிடம் தொழில் பயிலும் இளம் சட்டத்தரணி ஒருவர், நண்பகல் வெயிலிற் கடைக்குச் சென்று ஒரு தண்ணீர்ப் போத்தலை வாங்கி வந்தார். அதே அளவான போத்தல் குறைந்த விலைக்கும் அக்கடையில் உண்டு. "ஏன் தம்பி, கூடுதல் விலை கொடுத்தீர்?" என்று கேட்டேன். "இந்தக் கம்பனி சுற்றாடலைக் காக்கின்றது, ஐயா, அதனால்தான்" என்றார். "அதனை உமக்குச் சொன்னவர் யார்?" என்றேன். சற்றுச் சிரித்துவிட்டு, "போத்தலில் எழுதியிருக்கின்றது" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பச்சை நிறத்தில் ஓர் இலை. அதன் கீழே இயற்கையைப் புகழ்ந்து இரண்டு சொற்கள். அந்நீர் எந்த ஊரின் நிலத்திலிருந்து எடுக்கப்பட்டது, எவ்வளவு எடுக்கப்படுகின்றது, வெறும் போத்தல் எங்கே போய்ச் சேருகின்றது என்பன பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்த இளைஞரின் வீடு சுன்னாகத்தில் இருக்கின்றது. வளவிலே பாட்டன் காலத்துக் கிணறு ஒன்று உண்டு. அதில் எண்ணெய் மணத்த நாள் முதலாக அக்குடும்பத்தார் அந்நீரைக் குடிப்பதில்லை. கிணற்றை இழந்த வீட்டுப் பிள்ளை, காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கி, அக்காசின் மேலும் ஓர் இலைப் படத்திற்காகச் சிறு தொகை கூட்டிக் கொடுக்கின்றது. நண்பர்களே, இன்று நான் பேச வந்த பொருள் முழுவதும் அந்த ஒரு போத்தலுக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

கதர் உடுத்த தலைமுறை

அந்த இளைஞரை நான் பழிக்கமாட்டேன். அவருடைய எண்ணம் நல்ல எண்ணம். தான் கொடுக்கும் பணம் தீமைக்குத் துணைபோகக்கூடாது என்று கருதுவது உயர்ந்த பண்பு. அப்பண்பு இம்மண்ணுக்குப் புதியதுமன்று. 1924 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே மாணவர் காங்கிரஸ் தோன்றிற்று. அதுவே பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது. 1927 நவம்பரில் காந்தியடிகள் இங்கு வந்தபோது வரவேற்று நின்றவர்கள் அவ்வாலிபர்களே. படித்த இளைஞன் என்றால் மேனாட்டு உடையில்தான் நிற்பான் என்றிருந்த அக்காலத்தில் அவர்கள் கதரை உடுத்தினார்கள். ஒரு துணியை வாங்குவதும் வாங்காது விடுவதும் கொள்கையின் பாற்பட்டது என்பதை யாழ்ப்பாணத்துக்குக் காட்டியவர்கள் அவர்கள்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கதரை நெய்தவன் யார், நூற்றவன் யார் என்பது அதை உடுத்தவனுக்குத் தெரியும். இன்று கடையில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் சவர்க்காரத்தையோ, பிஸ்கற்றையோ, கைத்தொலைபேசியையோ யார் செய்தார், எந்த ஆற்றில் அதன் கழிவு விழுந்தது என்பது வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாத இடத்திலேதான் இலைப் படம் வந்து குந்துகின்றது.

சுற்றாடலில் அக்கறையுள்ள கம்பனியை இளைஞர்கள் விரும்புகின்றனர் என்பது வியாபாரிகள் நன்கறிந்த உண்மை. நல்ல பெயர் விற்பனையை வளர்க்கும். ஆகவே நல்ல பெயருக்காகக் கம்பனிகள் செலவிடுகின்றன. இதனாற் சில இடங்களில் உண்மையான நன்மையும் விளைந்திருக்கின்றது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. எனினும், சுற்றாடலைக் காக்கும் பொருளையே வாங்குவேன் என்று சொல்லுகின்ற இளைஞர்களில் எத்தனையோ பேர் கடைக்குள் நுழைந்ததும் வேறொன்றை வாங்கி வருகின்றனர். சொல்லுக்கும் செயலுக்கும் ஏன் இந்த இடைவெளி? முதலாவது, விலை; வேலை தேடும் பிள்ளையின் சட்டைப்பையிற் கூடுதற் பணம் இராது. இரண்டாவது, ஐயம், எழுதியிருப்பது மெய்தானா என்று அறிய வழியில்லை. மூன்றாவது, தெரிவின்மை, வேறு பொருளே இல்லாதபோது எதைத் தெரிவது? இம்மூன்றாவது காரணத்தைத்தான் சுன்னாகம் நமக்குக் கசக்கக் கசக்கக் கற்பித்தது.

சுன்னாகம் கற்பித்த பாடம்

நம் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரியிற் பெய்கின்ற மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கடல்நீரின் மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. அதுவே நமது சேமிப்பு. மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் அதனாலேதான் விளைந்தன. துலா மிதித்து இறைத்த நம் முன்னோரும் இன்று யந்திரத்தால் இறைக்கும் கமக்காரரும் அந்த ஒரே சேமிப்பிலிருந்துதான் எடுக்கின்றனர். சுண்ணாம்புக் கல் மழையை விரைவாக உள்ளே விடும். கழிவையும் அவ்வாறே விரைவாக உள்ளே விடும். ஒரு வளவிற் கொட்டியது அடுத்த வளவிற் கிணற்றிலே தோன்றும்.

சுன்னாகத்து அனல்மின் நிலையத்தின் சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டார்கள். மல்லாகம், தெல்லிப்பழை, உடுவிற் பக்கங்களிலிருந்தும் முறைப்பாடுகள் எழுந்தன. 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிலையத்தின் இயக்கம் நிறுத்தப்பட்டது. தண்ணீர்த் தாங்கி வண்டிகளின் பின்னால் நம் தாய்மார் குடங்களுடன் நின்ற காட்சியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டிலேயே தென்னிலங்கையைச் சேர்ந்த சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். அவருக்குச் சுன்னாகத்திற் கிணறில்லை; ஆயினும் நமக்காக வழக்காடினார். இதனை நன்றியோடு நினைவுகூர்வது நம் கடமை.

2019 ஏப்ரிலில் தீர்ப்பு வந்தது. நிலையத்தை இயக்கிய நொதேர்ன் பவர் கம்பனி நிலத்தடி நீர் மாசடைந்தமைக்குப் பொறுப்பு என உயர் நீதிமன்றம் கண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபாவைச் செலுத்துமாறு பணித்தது. மாசுபடுத்தியவனே அதன் செலவையும் தாங்கவேண்டும் என்னும் கோட்பாடு இத்தீர்ப்பில் உறுதி பெற்றது.

இப்பொழுது நமது தலைப்புக்கு வருகின்றேன். அக்கம்பனி விற்ற பொருள் யாது? மின்சாரம். அதனை விலைக்கு வாங்கியது இலங்கை மின்சார சபை. சபையிடமிருந்து வாங்கியவர்கள் நாம். மாலையில் விளக்கேற்றப் பொத்தானை அழுத்தும் இளைஞன், "கிணற்றைக் கெடுக்காத மின்சாரம் எனக்குத் தாருங்கள்" என்று கேட்க முடியுமா? கம்பியில் வருகின்ற மின்சாரத்துக்கு இலைப் படமும் இல்லை, பெயருமில்லை. அக்கம்பனிக்கு இளைஞனின் நன்மதிப்புத் தேவைப்படவேயில்லை. ஆகவே, அவனுடைய கோபமும் அதனைத் தொடவில்லை. தொட்டது சட்டம் ஒன்றே. அதுவும் நான்காண்டுகள் கழித்தே தொட்டது.

கடலுக்கு அப்பால் தூத்துக்குடியிலும் இதே கதைதான். ஸ்டெர்லைட் ஆலையின் செம்பை எந்த இளைஞனும் கடையிற் பெயர் சொல்லி வாங்குவதில்லை. அது கம்பிக்குள்ளும் யந்திரத்துக்குள்ளும் மறைந்து வருகின்றது. வாங்காது விட்டு எதிர்க்க வழியில்லாத மக்கள் வீதிக்கு வந்தார்கள். 2018 மே மாதத்தில் காவற்றுறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். சில நாட்களில் ஆலையை மூடுமாறு தமிழ்நாட்டு அரசு கட்டளையிட்டது. 2024 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதைத் திறக்க இடமளிக்க மறுத்தது. வாங்குபவனின் முகத்தைப் பாராத தொழில்களுக்கு மக்கள் திரட்சியும் சட்டமும்தான் கடிவாளம்.

தாமிரபரணியும் குளிர்பானமும்

அப்படியாயின், பெயர் சொல்லி வாங்கும் பொருள்களில் இளைஞர் கை வெல்லுமா? அதற்கும் தமிழ்நாட்டிலே ஒரு சோதனை நடந்தது. 2017 சனவரியிற் சல்லிக்கட்டுக்காகச் சென்னைக் கடற்கரையிற் கூடிய இளைஞர்களிடையே அந்நிய குளிர்பானங்களை வாங்கோம் என்ற குரல் ஓங்கிற்று. வறட்சியால் வயல்கள் வெடித்திருந்த காலம் அது. வணிகர் சங்கங்கள் அக்குரலுக்குச் செவிசாய்த்து, மார்ச் 1 முதல் பெப்சி, கொக்கா கோலா ஆகியவற்றை விற்பதில்லை எனத் தீர்மானித்தன. கமக்காரனுக்கு இல்லாத தண்ணீர் கம்பனிக்கு எங்கிருந்து வருகின்றது என்று கடைக்காரரே கேட்டனர். உள்ளூர்ச் சோடாக்களைத் தேடி மக்கள் வாங்கினர்.

இது சிறிய காரியமன்று. இளைஞர் பேசியதை வணிகர் செயலாக்கினர். எனினும் தாமிரபரணி நீரின் கதி என்னவாயிற்று? அவ்வாற்றின் நீரைக் குளிர்பான ஆலைகளுக்குக் கொடுப்பதற்கு எதிரான மனுக்கள் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையின் முன் இருந்தன. 2016 நவம்பரில் இடைக்காலத் தடையும் கிடைத்திருந்தது. விற்பனை நிறுத்தம் தொடங்கிய மறுநாளே, மார்ச் 2 ஆம் நாள், மனுக்கள் தள்ளுபடியாகித் தடை நீங்கிற்று. அப்பானங்கள் இன்றும் கடைகளில் விற்கின்றன. உணர்ச்சி ஒரு கோடைக்குப் போதும். ஆற்றைக் காக்க ஆண்டு முழுவதும் கணக்குக் கேட்கும் அமைப்பு வேண்டும்.

தன் வழக்கிலே தானே சாட்சி

நண்பர்களே, சட்டத் தொழிலில் ஒரு பழைய விதி உண்டு. தன் வழக்கிலே தான் கூறும் சாட்சியை நீதிமன்றம் கேட்கும். ஆனால் குறுக்கு விசாரணைக்கு இடமளிக்காமல் அதை ஏற்றுக்கொள்ளாது. போத்தலில் உள்ள இலை கம்பனி தன் வழக்கிலே தானே சொல்லும் சாட்சி. அதனை யார் குறுக்கு விசாரணை செய்தார்?

2015 செப்டெம்பரில் உலகமே அதிர்ந்த ஒரு செய்தி வந்தது. தூய்மையான டீசல் வண்டி என்று விளம்பரம் செய்து விற்ற ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் கம்பனி, பரிசோதனையின்போது மட்டும் புகை குறையும்படி வண்டிக்குள்ளே கணினித் தந்திரம் வைத்திருந்தது வெளிப்பட்டது. ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள் அவ்வாறு விற்கப்பட்டிருந்தன. காற்றைக் கெடுக்கக்கூடாது என்று எண்ணி வாங்கியவர்களின் நல்லெண்ணமே அங்கு முதலாக்கப்பட்டது. இத்தகைய ஏமாற்றைப் பசுமைப் பூச்சு என்கின்றனர். பாசி படிந்த சுவருக்குப் பச்சை வர்ணம் அடிப்பது போன்றது அது.

உலகம் இதற்கு விடை தேடத் தொடங்கிவிட்டது. ஆதாரமின்றிப் பசுமை என்றும் இயற்கைக்கு இசைந்தது என்றும் விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த இந்தியா 2024 ஒக்டோபரில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டில் ஒரு பணிப்புரையை நிறைவேற்றிற்று. அது 2026 செப்டெம்பர் முதல் நடைமுறைக்குரியது. நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரை ஏமாற்றும் வியாபார நடத்தையை ஏற்கெனவே தடுக்கின்றது. வாள் உறையிலே இருக்கின்றது, உருவுவாரைக் காணோம்.

இன்னொன்றையும் சொல்லுகின்றேன். 2016 முதல் இந்நாட்டில் இனிப்புப் பானங்களின் போத்தலிற் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டவேண்டும் என்ற விதி இருக்கின்றது. எழுத்தறியாத மூதாட்டியும் சிவப்பைக் கண்டால் யோசிப்பாள். அந்த நிறத்தைக் கம்பனி தன் விருப்பப்படி தீட்ட முடியாது. அளவு எதுவோ அதற்குரிய நிறமே இருக்கவேண்டும். சீனிக்குச் சிவப்பு உண்டாயின், நிலத்தடி நீரை உறிஞ்சி விற்பவனுக்கும் கழிவை விடுபவனுக்கும் ஏன் ஒரு குறி கட்டாயமாகக் கூடாது? உடம்புக்கு ஒரு நீதி, கிணற்றுக்கு வேறு நீதியா?

நம் கையிலுள்ள கறை

கம்பனிகளை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிச் செல்லமுடியாது. இங்கு கமக்காரர் பலர் இருக்கின்றீர்கள். உங்கள் மகனாகப் பேசுகின்றேன். அளவுக்கு மீறி இட்ட யூரியா நைத்திரேற்றாக மாறி நம் கிணறுகளிற் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். சுன்னாகத்து எண்ணெய் மணத்தது. ஆகவே நாம் கொதித்தெழுந்தோம். நைத்திரேற்றுக்கு மணமில்லை, ஆகவே நாம் பேசாதிருக்கின்றோம். இதன் பொருள் உரத்தை ஒரே நாளில் நிறுத்துவதன்று. 2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, பயிர் குன்றிக் கமக்காரன் கலங்கிய பின், அவ்வாண்டு முடியுமுன்னரே தடையைத் தளர்த்தியதை நாம் அறிவோம். மண்ணைப் பரிசோதித்து அளவறிந்து இடுவதே அறிவுடைமை.

இளைஞர்களுக்கும் ஒன்று கூறுவேன். 2017 செப்டெம்பர் முதல் உணவு பொதியும் பொலித்தீன் தாளுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் இந்நாட்டிலே தடை உண்டு. 2025 நவம்பர் முதல் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கலாகாது என்றும் விதி வந்தது. விதி வந்த பின்னரும் நம் கோயில் வீதிகளையும் வாய்க்கால்களையும் பாருங்கள். பனை நம் முற்றத்திலே நிற்கின்றது. கடகமும் உமலும் ஓலைப் பையும் பின்னத் தெரிந்த தாய்மார் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றார்கள். அவர்கள் பின்னியதை வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர் நினைவுப் பொருளாக வாங்கிச் செல்லுகின்றார். உள்ளூர் இளைஞன் பொலித்தீன் பையுடன் போகின்றான். ஓலைப் பைக்கு இலைப் படம் தேவையில்லை. அது முழுவதும் இலையே.

செய்யவேண்டியவை

அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்புரை, இயற்கையைப் பாதுகாப்பது இலங்கையிலுள்ள ஆள் ஒவ்வொருவரினதும் கடமை என்கின்றது. அந்த அத்தியாயத்தை நீதிமன்றில் நேரே வலியுறுத்த முடியாது என்று அடுத்த உறுப்புரையே கூறிவிடுகின்றது என்பதையும் மறைக்கமாட்டேன். எனினும் கடமை கடமையே. சட்டத்தின் கண்ணிற் கம்பனியும் ஓர் ஆள்தான். அக்கடமையை நினைவூட்ட நம்மால் இயன்றவற்றைச் சொல்லுகின்றேன்.

வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். எங்கள் நிலத்திலிருந்து எதை எடுக்கின்றீர்? எதை விட்டுச் செல்லுகின்றீர்? அதனைச் சோதித்தவர் யார்? இம்மூன்றுக்கும் விடையில்லாத இலைப் படத்திற்கு ஒரு சதமும் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். கம்பனி விடை தராவிட்டாலும், அதற்கு அனுமதிப்பத்திரம் கொடுத்த மத்திய சுற்றாடல் அதிகார சபையும் பிரதேச சபையும் விடை தரவேண்டியவை. எழுத்தில் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. எந்தக் கம்பனிக்கு என்ன நிபந்தனை விதிக்கப்பட்டது, கடைசியாக எப்போது பரிசோதித்தனர் என்று கேளுங்கள். இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. ஒரு தாளும் பேனையும் போதும். எழுத உதவி வேண்டுவோர்க்கு என் அலுவலகக் கதவு திறந்தே இருக்கும்.

மூன்றாவதாக, நம் கூட்டுறவுச் சங்கங்களை மறவாதீர்கள். தனி மனிதனுக்கு விலை தடையாகும். சங்கமாகச் சேர்ந்து வாங்கினால் அத்தடை தளரும். பனை ஓலைப் பையையும், அளவறிந்த உரத்தில் விளைந்த காய்கறியையும் சங்கக் கடையில் முன்வரிசையில் வையுங்கள். நல்ல பொருள் செல்வனுக்கு மட்டும் உரியதாய் இருக்குமானால், அது சுற்றாடற் கொள்கையாகாது, வெறும் ஆடம்பரமாகும்.

இறுதியாக, வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும், நிலத்தடி நீருக்கு என்ன காப்பு என்று கேட்டபின்னரே ஆசனம் கொடுங்கள்.

தொடக்கத்திற் கூறிய இளைஞரின் கதையை முடித்துவிடுகின்றேன். மறுநாள் அவர் அந்தப் போத்தற் கம்பனிக்குக் கடிதம் எழுதினார். தண்ணீர் எவ்வூரிலிருந்து எடுக்கப்படுகின்றது, நாளொன்றுக்கு எத்தனை லீற்றர், வெறும் போத்தல் எங்கே போகின்றது என்று மூன்றே கேள்விகள். இன்றுவரை மறுமொழி இல்லை. ஒருவர் கேட்டால் அது குப்பைக் கூடைக்குப் போகும். இம்மண்டபத்தில் இருக்கும் நாம் எல்லோரும் நாளைக் காலையில் அதே மூன்று கேள்விகளை எழுதி அனுப்புவோமானால், கம்பனியின் மேசையில் அது ஒரு வழக்குக் கோவையாகக் கிடக்கும்.

வாயிலிலே மேசையொன்று போடப்பட்டிருக்கின்றது. தாளும் கடிதவுறையும் அங்கே இருக்கின்றன. வீட்டுக்குச் செல்லுமுன் ஒவ்வொருவரும் ஒரு கடிதம் எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகின்றேன்.